செல்கள் இல்லாத குழி

உங்கள் ஆய்வகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்காக ஒரு பயிற்சிக் கையேடு தயாரிக்கிறோம், அதில் உங்கள் அனுபவம் ஒன்றும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, "சார், அந்த சோடா கேஸ் கதையே போதும்" என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தக் கதை எனக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஓசூரில் செல் வளர்க்கும் ஆய்வகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்றில் நடந்தது மறுவாரமே அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு வரை போய்விடும். போகிற வழியில் கொஞ்சம் மாறியும் விடும்.

எழுதுகிறேன். ஆனால் அந்தக் கதையை நீங்கள் கேள்விப்பட்ட விதத்தில் எழுத எனக்கு உரிமையில்லை. அதை மாற்றிச் சொன்னவர்களில் முதல் ஆள் நான். ஓய்வு பெற்ற அன்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, மைக் பிடித்து, நானே சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கதை இப்போது காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். அப்போது நான், மற்ற நிறுவனங்களுக்காகச் செல் வளர்த்து மருந்துகளைச் சோதித்துத் தரும் ஒரு ஓசூர் ஆய்வகத்தின் பொறுப்பாளர்.

காவிரித் தண்ணீர் விவகாரத்தில் கர்நாடகப் பக்கம் முழு அடைப்பு. எல்லையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். செல்கள் வளரும் இன்குபேட்டர் பெட்டிக்குள் அந்த வாயு கொஞ்சம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்கள் மூழ்கியிருக்கும் திரவத்தில் காரத்தன்மை ஏறி, செல்கள் ஒவ்வொன்றாகப் போய்விடும். ஒரு சிலிண்டர் தீர்ந்துவிட்டது. இரண்டாவதில் முள் அடியைத் தொடப் போகிறது. உள்ளே மூன்று நிறுவனங்களின் செல்கள். அதில் கல்லீரல் செல்கள் மட்டும் இரண்டு மாத உழைப்பு.

பக்கத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை. வெல்டிங்குக்கு அவர்களும் இதே வாயுவைத்தான் பயன்படுத்துகிறார்கள். டிரைவரை அனுப்பி ஒரு சிலிண்டர் வாங்கி வந்துவிட்டேன். மாட்டச் சொன்னேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நாகரத்னா மாட்டாமல் நின்றாள்.

நாகரத்னா எங்கள் டெக்னீஷியன். தளிப் பக்கத்துக் கிராமம். வீட்டில் கன்னடம், தெருவில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்து எங்களிடம் ஆறு வருடமாக வேலை பார்த்துவந்தாள். எல்லோருக்கும் ரத்னா.

"என்ன ரத்னா, நிக்கற? மாட்டு."

"சார், இது வெல்டிங்குக்கு விடறது. உள்ள எண்ணெய் கிண்ணெய் என்னென்னவோ இருக்கும். இரும்புக்குப் பரவால்ல. இதுங்க தாங்குமா?"

"வேற வழி சொல்லு."

"சோடா கம்பெனில கேக்கலாம் சார். அதுவும் இதே கேஸ்தான். ஆனா மனுஷங்க குடிக்கறதுக்கு விடறது."

சூளகிரியில் ஒரு சோடா கம்பெனிக்கு அவளே போன் போட்டாள். உரிமையாளர் பாய், சோடா பெட்டிகளுக்கு நடுவில் சிலிண்டரைப் படுக்க வைத்து, தன் டெம்போவிலேயே கொண்டுவந்துவிட்டார். எங்கள் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, இத்தாம்பெரிய கம்பெனி, கேஸ் இல்லாம என்கிட்ட வரீங்க. உள்ள என்ன போடறீங்க, கலரா?"

"கலர் இல்ல பாய். கேன்சர் செல்லு வளக்கறோம்."

பாய் இரண்டடி பின்னால் போனார். "யம்மா, திருப்பித் தரும்போது சிலிண்டர நல்லா கழுவிக் குடுங்க. நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் பன்னீர் சோடா ஆர்டர் இருக்கு."

"பயப்படாதீங்க பாய். கேஸ் வெளியதான் வரும். உள்ள ஒண்ணும் போவாது."

"அத நீயே வந்து மாப்பிள்ளை வீட்ல சொல்லும்மா."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் சிலிண்டரை எல்லா இன்குபேட்டர்களுக்கும் சேர்த்து மாட்டச் சொன்னேன். அதற்கும் அவள் ஒப்பவில்லை. ஓரமாகக் கிடந்த பழைய இன்குபேட்டரில், தூக்கிப்போட வைத்திருந்த செல்களை வைத்து, அதற்கு மட்டும் முதலில் மாட்டினாள். மதியம் வரை பார்க்க வேண்டும் என்றாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினேன், எல்லோர் முன்னாலும். மதியம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "உயிரா இருக்கு சார்" என்றாள். அப்புறம்தான் மற்றதற்கெல்லாம் மாட்டினாள். ஒரு பிளேட் கூடப் போகவில்லை.

முதல் மாதம் இந்தக் கதையைச் சொன்னபோது "ரத்னா சொன்னாள்" என்றேன். அடுத்த வருடம் "நாங்கள் யோசித்தோம்" என்றேன். ஓய்வு விழாவில் "எனக்குச் சட்டென்று தோன்றியது" என்றேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவ்வளவு மெதுவாக அது மாறியது.

இதோடு நிறுத்தினால் நான் ஒரு நல்ல பேரைத் திருடியவன், அவ்வளவுதான். இதற்கு அடுத்தது இருக்கிறது.

பெங்களூருவிலிருந்து ஒரு சிறிய நிறுவனம் தங்கள் மருந்துச் சேர்மம் ஒன்றை எங்களிடம் அனுப்பியது. அவர்கள் பட்டியலில் அதன் எண் நாற்பத்தேழு. புற்று செல்களை அது கொல்கிறது என்பதை அவர்களே வேறு முறையில் பார்த்திருந்தார்கள். எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: கல்லீரல் செல்களை அது விட்டுவைக்கிறதா?

கையேட்டை மற்றப் பிரிவுக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பிளேட். அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிகளில் செல்கள், அவற்றின் மேல் வெவ்வேறு அளவில் மருந்து. கடைசியில் ஒரு நீலச் சாயம் ஊற்றுவோம். உயிருள்ள செல் அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். செத்த செல்லில் நீலம் நீலமாகவே இருக்கும். எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ரீடர் இயந்திரம் எண்ணாகச் சொல்லும். நூறு என்றால் எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. சில சேர்மங்கள், முக்கியமாகக் கந்தகம் உள்ளவை, செல்லே இல்லாமல் தாங்களே அந்தச் சாயத்தின் நிறத்தை மாற்றிவிடும். அதனால்தான் செல் போடாமல் மருந்தும் சாயமும் மட்டும் போட்ட குழி ஒன்று பிளேட்டில் இருக்க வேண்டும். அந்தக் குழி நீலமாக இருந்தால் மற்றதை நம்பலாம். நாற்பத்தேழில் கந்தகம் இருந்தது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வேலைக்குத் திட்டம் போட்டபோது, இன்னும் இரண்டு அளவு மருந்தைச் சேர்ப்பதற்காக அந்தக் குழிகளை வெட்டியவன் நான்தான். அவசரத்தில் வெட்டினேன் என்று சொல்லமாட்டேன். முப்பது வருட அனுபவம் எனக்குக் கொடுத்த தைரியத்தில் வெட்டினேன்.

முதல் பிளேட் ரத்னா விடுப்பில் இருந்த நாளில் ஓடியது. எல்லா அளவிலும் நூறு. மிக அதிக அளவில் நூற்றுக்கும் மேல். மருந்து கூடக் கூடச் செல்கள் கூடுதலாக வாழ்கின்றன என்கிறது இயந்திரம். அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. யாரும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவில்லை. அறிக்கை கூட இன்னும் எழுதவில்லை. அன்று மாலையே அந்த நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியைப் போனில் கூப்பிட்டு, "சுத்தமா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். உறுதிக்காக ஓட்டும் இரண்டாவது பிளேட்டின் முடிவையும் பார்க்க, நாளை மறுநாள் தன் ஆட்களோடு நேரில் வருவதாகச் சொன்னார்.

இரண்டாவது பிளேட்டை ஓட்டியவள் ரத்னா. அவர்கள் வரவேண்டிய அன்று காலை ஒன்பது மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

"ரீடிங் என்ன?"

"ரீடிங் நல்லா இருக்கு சார். அதான் பயமா இருக்கு."

போனேன். சாயம் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த படங்களைத் திரையில் காட்டினாள். கல்லீரல் செல்கள் நன்றாக இருந்தால் தளக்கல் பதித்த மாதிரி ஒட்டிப் பரவியிருக்கும். இவை உருண்டு, பிடி விட்டு, மிதந்துகொண்டிருந்தன.

"எல்லா சத்தோகிதே" என்று தனக்குள்ளே கன்னடத்தில் முணுமுணுத்தாள். பிறகு என்னிடம், "எல்லாம் செத்துப்போச்சு சார். செத்ததுக்கு நூத்திப்பத்து காட்டுது. செத்தவங்க வந்து ஓட்டுப் போட்டுட்டுப் போற மாதிரி" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளேட்டின் மூலையைச் சுட்டினாள். அங்கே மூன்று குழிகள் நல்ல இளஞ்சிவப்பில் இருந்தன.

"இது என்ன? பிளான்ல இல்லையே."

"மூலைல மூணு குழி காலியா இருந்துச்சு சார். செல் போடாம மருந்து மட்டும் விட்டு வெச்சேன்."

"யாரக் கேட்டுப் போட்ட?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் இருக்க முடியும்? நான் வெட்டியதை அவள் திருப்பி வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். பதினோரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் வேறு முறையில் முதலிலிருந்து செய்ய வேண்டும், மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் எனக்குப் பெரிதில்லை. "சுத்தமா இருக்கு" என்ற வார்த்தையை நான் சொல்லிவிட்டேன். அதைத் திரும்ப எடுப்பது பெரிது. அந்தக் குழியை வெட்டியது நான்தான் என்று ஒரு அறையில் உட்கார்ந்து சொல்வது அதைவிடப் பெரிது. நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு துறைத் தலைவர் இருந்தார். "கஸ்டமருங்க நம்மகிட்ட பதிலுக்கு வராங்க, சந்தேகத்துக்கு வரல" என்பார். நெருக்கடியில் கலங்காத மனிதர் என்று அவரை வியந்து, அந்த வாக்கியத்தை நானும் ஒவ்வொரு புதியவருக்கும் சொல்லி வந்தேன். உங்களில் மூத்தவர்கள் சிலருக்கும் சொல்லியிருப்பேன். தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். அது பயந்தவன் பேச்சு.

"பிப்பெட்டால வரிசையா செல் விடும்போது கை தவறி அந்த மூணுலயும் ஒரு சொட்டு விழுந்திருக்கும்" என்றேன்.

"மூணுலயுமா சார்?"

"ஏன், விழாதா?"

"மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாருங்க சார். ஒரு செல்லாவது இருக்கா பாருங்க."

மைக்ரோஸ்கோப் கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் பார்க்கவில்லை.

"நோட்ல அடிச்சிட்டு எழுது."

ஆய்வு நோட்டில் அடிப்பதற்கு நமக்கு ஒரு முறை உண்டு. கிறுக்கி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடித்தது கோட்டுக்குக் கீழே படிக்கக் கிடக்க வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதி, அடித்தவர் சுருக்கொப்பமிட வேண்டும். சரிபார்ப்பவரும் இட வேண்டும். யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக வந்த முறை.

"காரணம் என்னன்னு எழுத சார்?"

"பிப்பெட் பிழைன்னு எழுது. எல்லாருக்கும் நடக்கறதுதானே."

"நான் தப்பு பண்ணலையே சார்."

"ரத்னா, பதினோரு மணிக்கு ஆள் வராங்க." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னேன்: "உனக்கு பெங்களூருக்கு லெட்டர் வேற நான் தரணும்ல?"

பெங்களூருவில் ஒரு பெரிய ஆய்வகத்தில், அடுத்த கல்வியாண்டில் சேரும்படி, அவளை எடுத்திருந்தார்கள். அங்கேயே ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்யலாம். அதற்காக வீட்டில் கல்யாணப் பேச்சையே தள்ளிப் போட்டிருந்தாள். என் பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. நான் சொன்னது மிரட்டல். சிரித்துக்கொண்டு சொன்னதால் அது வேறு ஒன்றாகிவிடவில்லை.

"செல்கள் மிதக்கின்றன, செல்கள் இல்லாத குழிகளிலும் நிறம் மாறியது" என்ற வரியின் மேல் அவள் ஒரு கோடு போட்டாள். ஸ்கேல் வைத்து, நேராக. "பிப்பெட் பிழை, என் தவறு" என்று எழுதினாள். என் தவறு என்று எழுதும்படி நான் சொல்லவில்லை. அவளாகச் சேர்த்தாள். கோபத்தில் சேர்த்தாளோ என்னவோ. நான் சரிபார்த்ததாகச் சுருக்கொப்பமிட்டேன். இரண்டு பிளேட்டும் ஒத்துப்போகின்றன என்று வந்தவர்களிடம் அறிக்கையைக் கொடுத்தோம். சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கடிதமும் கொடுத்தேன். நல்ல கடிதம்.

இதுவரை நான் சொன்னது ரத்னாவுக்கும் தெரியும். இனி சொல்லப்போவது எட்டு வருடமாக எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் இல்லாதபோது, நான் ஆய்வகத்துக்குப் போனேன். புதுப் பிளேட் எடுத்தேன். மூன்று குழிகளில் செல் போடாமல் நாற்பத்தேழை விட்டேன். சாயம் ஊற்றினேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் குழியின் ஓரம் ஊதாவானது. காத்திருந்தேன். மூன்றும் சிவந்தன.

பிளேட்டைக் கழிவுப் பையில் போட்டுக் கட்டினேன். நோட்டில் எழுதவில்லை. எழுதினால் அது நடந்ததாகிவிடும். அன்று போனை எடுத்து அவர்களிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மூன்று வாரமும் என் முகமும் போயிருக்கும். வேறு எதுவும் போயிருக்காது.

ஐந்து மாதம் கழித்து அந்த நிறுவனம் எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தது. எலிகளின் கல்லீரல் குழைந்துபோயிருந்தது. மனிதர்களிடம் போகும் முன்னால் தெரிந்தது ஒன்றே ஆறுதல். அந்த ஆறுதலுக்கும் நான் காரணமில்லை. அவர்களுடைய எலிகள் காரணம்.

விசாரணைக்கு அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தணிக்கையாளர் அம்மா வந்தார். அறையில் எங்கள் இயக்குநர், நான், ரத்னா. அவள் வேலையிலிருந்து விடுபட்டு பெங்களூரு போக இரண்டு வாரம் இருந்தது. தணிக்கையாளர் கெட்டிக்காரர். நோட்டில் அந்தப் பக்கத்தில் வந்து நின்றார். கோட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். என்னைப் பார்த்தார்.

"செல் இல்லாத குழியில் நிறம் மாறியதாக எழுதி அடித்திருக்கிறது. இதைத் திரும்பச் செய்து பார்த்தீர்களா?"

இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதைவிட எளிமையான ஒன்று இல்லை. ஆமாம் என்பது பதில்.

"தேவைப்படல மேடம். கை தவறினதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க" என்றேன்.

ரத்னா என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க சார். அன்னிக்குக் காலைல என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க சார்."

"நோட்ல என்ன இருக்கோ அதுதான்மா" என்றேன்.

அம்மா என்று சேர்த்துத்தான் சொன்னேன். குரலில் கனிவு கூட இருந்தது.

கவனமில்லாத கை, இவள் ஓட்டிய பிளேட்களை நம்ப முடியாது என்று முடிவானது; முதல் பிளேட்டை ஓட்டியது அவள் இல்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நம் தொழிலில் ஒருவருக்குப் படிப்பைவிடக் கையே பெயர். "கை சரியில்லை" என்ற பேச்சு, சோடா கதை போன அதே சாலையில் எல்லை தாண்டிப் போனது. பெங்களூரு ஆய்வகம் இரண்டு வரியில் கடிதம் அனுப்பி அவளை எடுத்ததை ரத்து செய்தது. ஓசூரில் ஒருவரும் அவளை எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் நானும், "நல்ல பொண்ணுதான், ஆனா..." என்று இழுத்திருக்கிறேன். எனக்கு, மேற்பார்வையை இன்னும் கவனமாகச் செய்யும்படி ஒரு குறிப்பு வந்தது. நான்கு வருடம் கழித்துச் சால்வை வந்தது.

உங்கள் கடிதம் வந்தபிறகு அவளைத் தேடினேன். அவள் தளி சாலையில் ஒரு நிறுத்தத்தில் மதிய ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறாள் என்று தெரிந்தது. இரண்டு நாள் போய் எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் சாலையைக் கடந்தேன். சீருடை, கழுத்தில் அட்டை, தோளில் டிபன் பை. அவள்தான் முதலில் பேசினாள்.

"சார்! ரொம்ப இளைச்சுட்டீங்க."

"எங்கம்மா வேலை?"

"போன் போர்டு செய்யற கம்பெனி சார். பொடிப்பொடியா ஈயத்துல சால்டர் வெச்சிருப்பாங்க. ஒட்டியிருக்கா இல்லையான்னு பாக்கணும். மைக்ரோஸ்கோப்லதான்."

"அங்கயும் மைக்ரோஸ்கோப்பா?"

"ஆமா சார். ஆனா இங்க நான் ரிஜக்ட்னா ரிஜக்ட். வந்து மாத்தி எழுதுன்னு யாரும் சொல்றதில்ல."

குத்திக்காட்டுவதற்காகச் சொன்ன மாதிரி இல்லை. ஊர் நிலவரம் சொல்வது போலச் சொன்னாள். நான் ஏதோ தடுமாறினேன். அவள் சாலையைப் பார்த்தாள்.

"பஸ் வந்துடும் சார். சொல்ல வந்தத சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கலர் மாறுச்சா சார்?"

"மாறுச்சு."

"மூணுமா?"

"மூணும்."

"அப்போ அந்த ரூம்ல அந்த மேடம் கேட்டப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்களுக்கும் தெரியாதுன்னுதான் சார் நான் நெனச்சிட்டிருந்தேன். ஒருவேளை நெஜமாவே என் கைதான் தவறிப்போச்சோன்னு. ஒரு சொட்டு விழுந்திருக்குமோன்னு. அன்னிக்கு எப்படிப் பிடிச்சேன், எந்தப் பக்கம் சாய்ச்சேன்னு திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருப்பேன். இப்பவும் வீட்ல டம்ளர்ல பால் ஊத்தும்போது கூட கையப் பாத்துட்டேதான் ஊத்துவேன் சார்."

வேலையைப் பறித்தேன், படிப்பைப் பறித்தேன் என்று கணக்கு வைத்துக்கொண்டு நான் போயிருந்தேன். இது என் கணக்கில் இல்லை.

பஸ் திரும்புவது தெரிந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், கையேட்டுக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், சோடா கதையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"அந்தக் கதைல நான் இருக்கேனா சார்?"

"இல்ல."

"பாய் இருக்காரா?"

"இருக்காரு."

"பரவால்ல. அவராவது இருக்காரே." படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "எழுதறதா இருந்தா முழுப் பேரா எழுதுங்க சார். ரத்னான்னு வேணாம்."

கதவு மூடிக்கொண்டது. மன்னிப்பைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பஸ் நிற்கும் அந்த அரை நிமிடத்துக்குள் எனக்கு இன்னொன்றும் தரும்படி அவளை நெருக்கியதாக ஆகியிருக்கும்.

பழைய நிறுவனத்துக்கு எழுதிப் பார்த்தேன். கைமாறிவிட்டது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததால் அந்த நோட்டுகளை அழித்துவிட்டதாக மரியாதையாகப் பதில் வந்தது. கோட்டுக்குக் கீழே படிக்கக் கிடந்த அந்த வரியும் இப்போது இல்லை. பெங்களூரு ஆய்வகத்துக்கும் எழுதினேன். பதில் இல்லை.

உங்கள் கையேட்டில் ஒவ்வொரு அனுபவத்தின் முடிவிலும் பாடம் என்ன என்று ஒரு கட்டம் போடுவதாக எழுதியிருந்தீர்கள். செல்லைப் பார்த்துவிட்டு எண்ணைப் பாருங்கள், செல் இல்லாத குழியை வெட்டாதீர்கள் என்று போடலாம். அதெல்லாம் நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. நாளைக்கு நீங்கள் என் நாற்காலியில் உட்காரும்போது ஒருவர் வாசலில் வந்து நின்று, ரீடிங் நல்லா இருக்கு, அதான் பயமா இருக்கு என்பார். எழுந்து போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் போன் செய்திருக்காதீர்கள்.

சோடா கேஸ் கதையைத் தாராளமாகப் போடுங்கள். அதன் கீழே நாகரத்னா என்று அச்சிடுங்கள். மற்றதன் கீழே என் பெயரைப் போடுங்கள், முழுப் பெயராக.